நில்லு, எலி வரும்

"இவன் ஏன் இப்படிக் குண்டாயிட்டான்?"

கோப்பிக் குவளையோடு என் அறையைத் தாண்டிப் போன அம்மா, கதவருகே நின்று கேட்ட கேள்வி இது. உறவுக்காரப் பையன் யாரையோ சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பினேன். அம்மாவின் பார்வை என் கணினித் திரையில் இருந்தது. அங்கே வெள்ளை உடையில் ஓர் இளைஞன் பாதாளச் சிறைக்குள் ஓடிக்கொண்டிருந்தான்.

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'. தொண்ணூறுகளில் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கணினி இருந்தவர்களுக்கு இந்த இளவரசனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அறுபது நிமிடத்துக்குள் பன்னிரண்டு நிலைகளைக் கடந்து இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். இடையில் கத்தி முனைகள், இடிந்து விழும் தரைகள், வாளோடு நிற்கும் காவலர்கள்.

பள்ளி விடுமுறைக்குக் கிள்ளானிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். வயது ஒன்பது. அவன் கையிலிருந்து கைப்பேசியை வாங்குவதற்குள் வீட்டில் தினமும் ஒரு போராட்டம். "நாங்கள்லாம் உன் வயசுல என்னா விளையாடினோம் தெரியுமா?" என்று ஒரு நாள் வாய்விட்டேன். வானொலி அறிவிப்பாளனுக்கு வாய்தான் பிழைப்பு, வம்பும் அதே வாயால்தான். "காட்டுங்க மாமா" என்று உட்கார்ந்துவிட்டான்.

எங்கள் பாயான் பாரு வீட்டில் எதுவும் தொலைவதில்லை, ஏனென்றால் அம்மா எதையும் தூக்கி எறிவதில்லை. நூல்கண்டு, ஊசி, பொத்தான் எல்லாம் இருக்கும் பழைய பிஸ்கட் டின்னை அவனும் நானும் கவிழ்த்தோம். அடியில் நான்கு ஃப்ளாப்பி வட்டுகள். ஒன்றின் மேல் அக்காவின் கையெழுத்து: 'பிரின்ஸ். அழிக்காதே.' அழிக்காதே என்பது எனக்கான எச்சரிக்கை. டின்னை மூடுவதற்குள் அம்மா ஓர் ஊசியை எடுத்துப் பேரனிடம் நீட்டினார். நூல் கோத்துக் கொடுப்பது அந்த விடுமுறையில் அவன் வேலை. அப்போது அதை நான் பெரிதாக எண்ணவில்லை.

இணையத்தில் ஒரு யூஎஸ்பி ஃப்ளாப்பிக் கருவி வாங்கினேன். நான்கு வட்டுகளில் இரண்டு செத்துப் போயிருந்தன. இளவரசன் பிழைத்திருந்தான். டாஸ் காலத்து ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்ட 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருள் 2002 முதல் இருக்கிறது. அதைப் போட்டு, நிகழ்ச்சித் தொகுப்புக்காக வாங்கிய என் 27 அங்குலத் திரையில் 'திரை முழுக்க நிரப்பு' என்று அழுத்தினேன். பழைய ஆட்டம் சுவர் அளவுக்கு விரிந்தது. நான் பூரித்துப் போனேன். மருமகன் "ஒரே கட்டம் கட்டமா இருக்கு" என்றான். அம்மா வந்து 'குண்டாயிட்டான்' என்றார்.

"பழைய கேம்மா. அப்படித்தான் இருக்கும்."

"இல்ல தம்பி. அவன் ஒல்லியா இருப்பான்."

அவ்வளவுதான். கோப்பியோடு போய்விட்டார்.

*

அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும்.

1972-இல் பாயான் லெப்பாஸில் மலேசியாவின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. இன்று கடலோர நெடுஞ்சாலைக்குப் பெயராக நிற்கும் லிம் சோங் யூ முதலமைச்சராக இருந்த காலம். இன்டெல், ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், கிளாரியன், ஹிட்டாச்சி, பாஷ் என்று முதலில் வந்த எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்கள்' என்று இன்றும் பினாங்கில் சொல்வார்கள். தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் இளம் பெண்கள் கம்பெனி பஸ்களில் வந்து இறங்கினார்கள். அவர்கள் குடியிருக்க வளர்ந்த ஊர்தான் பாயான் பாரு. கெடா பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்து சேர்ந்தவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

அம்மா வேலை செய்த தொழிற்சாலையின் பெயர் இங்கே வேண்டாம். வேலை என்னவென்று சொல்கிறேன். சில்லுக்கும் அதன் கால்களுக்கும் இடையே தங்கக் கம்பி ஓடும். அதன் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. தலைமுடியைவிட மெல்லியது. அந்தக் கம்பி விலகியிருக்கிறதா, வளைந்திருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று நுண்ணோக்கி வழியே பார்த்துப் பிரிக்க வேண்டும். காலை, மாலை, இரவு என்று மாறி மாறி வரும் சிஃப்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அம்மா பார்த்தது இதைத்தான். அரிசியில் கல் பொறுக்கும்போதும் அந்தக் கண் வேலை செய்யும். என் பள்ளிச் சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தால் பத்தடி தூரத்தில் பிடிப்பார்.

எங்கள் வீட்டுக்குக் கணினி வந்ததும் அந்தத் தொழிற்சாலையிலிருந்துதான். 1996-இல் பழைய 486 கணினிகளைக் கழித்து ஊழியர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஓவர்டைம் செய்து அம்மா ஒன்றை வாங்கினார். லாரியிலிருந்து அப்பா இறக்கி வைத்தபோது, 14 அங்குல மோனிட்டர் எங்கள் தொலைக்காட்சியைவிடக் கனமாக இருந்ததாக ஞாபகம். படிப்புக்கு என்று வாங்கியது. நானும் அக்காவும் அதில் என்ன படித்தோம் என்பது அந்த ஃப்ளாப்பிக்குத் தெரியும். "எந்நேரமும் குதிக்கிறதும் தொங்குறதும்தானா?" என்று திட்டிக்கொண்டே அம்மா எங்களுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். அப்படிப் பார்த்ததால்தான் அவருக்கு இளவரசனைத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

*

'அவன் ஒல்லியா இருப்பான்' என்பது என்னைக் குடைந்தது. நான் படித்தது ஊடகத் துறை. திரையின் அகல உயர விகிதம் முதலாண்டுப் பாடம். உறவினர் வீடுகளில் பழைய எம்.ஜி.ஆர். படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டு, புரட்சித் தலைவரைத் தவில் வித்துவான்போல் ஆக்கி வைத்திருப்பார்கள். போகும் வீடெல்லாம் ரிமோட்டை வாங்கிச் சரிசெய்துவிட்டு வருவேன். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமே 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'தான், அதற்கு முந்தைய படங்களை இப்படி இழுக்கக் கூடாது என்று விளக்கமும் கொடுப்பேன். அப்படிப்பட்ட நான் இளவரசனை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுத்து வைத்திருந்தேன். 4:3 வடிவத்துக்கான படத்தை 16:9 திரையில் நிரப்பினால் சரியாக அவ்வளவு பருமன் கூடும்.

சரி, இழுப்பதை நிறுத்தினால் போதும் என்று நினைத்தேன். அந்த ஆட்டத்தின் படம் குறுக்கே 320 புள்ளி, நெடுக்கே 200 புள்ளி. என் திரை 2560-க்கு 1440. ஒவ்வொரு புள்ளியையும் ஏழுக்கு ஏழு சதுரமாகப் பெருக்கினேன். 2240-க்கு 1400. கூர்மையாக, அழகாக வந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"கொஞ்சம் இளைச்சிருக்கான். இன்னும் இளைக்கணும்."

மருமகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேடிப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. 320-க்கு 200 என்பது 4:3 அல்ல, 16:10. ஆனால் அன்றைய மோனிட்டர்கள் 4:3 வடிவில் இருந்தன. அந்தப் படத்தை அவை மேலும் கீழும் நீட்டிக் கண்ணாடி முழுக்க நிரப்பிக் காட்டின. ஆக அந்தக் காலத்துப் புள்ளி சதுரமே அல்ல. அகலம் ஐந்து என்றால் உயரம் ஆறு. நான் சதுரமாக்கியதால் இளவரசனுக்கு ஐந்தில் ஒரு பங்கு பருமன் இன்னும் பாக்கி இருந்தது. அம்மா அளவுகோல் வைக்காமல் சொன்னது அதைத்தான்.

இது வெறும் கணக்கு விஷயம் இல்லை என்றும் அப்போது தெரிந்தது. இந்த ஆட்டத்தை உருவாக்கிய அமெரிக்கர் ஜோர்டன் மெக்னர், 1985-இல் தன் தம்பி டேவிட்டை ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஓடவும் தாவவும் தொங்கவும் வைத்துக் காணொளி எடுத்தார். அதைச் சட்டகம் சட்டகமாகப் பார்த்து வரைந்ததுதான் இளவரசனின் அசைவு. பின்னணி இசை அவர்களுடைய அப்பா அமைத்தது. ஆட்டம் 1989-இல் ஆப்பிள் கணினிக்கும், மறு ஆண்டு டாஸ் கணினிகளுக்கும் வந்தது. ஒரு தம்பியின் நிஜமான ஓட்டத்தைத்தான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறோம். அம்மாவுக்கு டேவிட்டைத் தெரியாது. ஆனால் ஒல்லியான ஒரு பையன் ஓடினால் எப்படி இருக்கும் என்று தெரியும்.

டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் 'ஆஸ்பெக்ட்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை 'ட்ரூ' என்று மாற்றினேன். படம் 1920-க்கு 1440 ஆனது. சரியான 4:3. இளவரசன் இளைத்துவிட்டான். வெற்றிக் களிப்பில் அம்மாவை மறுபடியும் அழைத்தேன்.

அம்மா கிட்டே வந்து குனிந்தார். தலையைச் சற்று வலப்பக்கம் திருப்பி, இடப்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தார். நுண்ணோக்கிப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆள் சரி. சுவத்துல கோடு சரியில்ல. ஒண்ணு தடிப்பா இருக்கு, ஒண்ணு மெலிசா இருக்கு. இத பாஸ் பண்ண மாட்டேன்."

முப்பது ஆண்டு தரப் பரிசோதகர் நிராகரித்துவிட்டார். காரணமும் நியாயமானது. 200 வரியை 1440 ஆக்க 7.2 மடங்கு பெருக்க வேண்டும். அந்தப் 'புள்ளி இரண்டு' எங்கே போகும்? நான்கு வரிகள் ஏழு மடங்கும், ஐந்தாவது வரி எட்டு மடங்கும் ஆகிவிடுகிறது. செங்கல் இடுக்குகளில் அது தடிப்பும் மெலிவுமாகத் தெரிகிறது. இதை மறைக்க 'மென்மையாக்கு' என்று ஒரு வசதி உண்டு. போட்டுப் பார்த்தேன். தடிப்பு மெலிவு போய்விட்டது. கூடவே கூர்மையும் போய்விட்டது. குளித்துவிட்டு வந்து மூக்குக் கண்ணாடி மாட்டியதுபோல எல்லாம் ஆவியடித்துக் கிடந்தது.

"மங்கலா இருக்கு" என்றார் அம்மா.

"ஆமாம்மா, அது செட்டிங். மாத்திடறேன்."

விடை எளிமையானது. புள்ளி ஐந்துக்கு ஆறு என்றால், அப்படியே ஐந்தாகவும் ஆறாகவும் பெருக்கினால் ஆயிற்று. 320-ஐ ஐந்தால் பெருக்கினால் 1600. 200-ஐ ஆறால் பெருக்கினால் 1200. 1600-க்கு 1200 என்பது அச்சு அசலாக 4:3. ஒரு வரிகூடத் தடிக்காது, மெலியாது, மங்காது. ஒரே குறை, என் திரையில் ஏறக்குறைய பாதி கறுப்பாக நின்றது. "பாதி வேஸ்ட் மாமா" என்றான் மருமகன். அளந்து காட்டினேன். படத்தின் உயரம் 28 சென்டிமீட்டர். எங்கள் பழைய 14 அங்குல மோனிட்டரில் 20 சென்டிமீட்டர்தான் இருந்திருக்கும். திரையை நிரப்புவதைவிட, படத்தை ஒழுங்காகக் காட்டுவது முக்கியம் என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன்.

அம்மா வந்து பார்த்தார். சுவரைப் பார்த்தார். இளவரசனைப் பார்த்தார்.

"கோடு சரியாயிருச்சு. ஆனா இன்னும் மங்கலாத்தான் இருக்கு."

*

அடுத்த இரண்டு வாரம் நான் செய்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அம்மா தேடுவது பழைய கண்ணாடிக் குழாய் மோனிட்டரின் அழகை என்று நானே முடிவு செய்துகொண்டேன். குழாய் மோனிட்டரில் மின்னணுக் கதிர் பட்டு ஒளிரும் புள்ளி, இன்றைய திரையின் கட்டம்போல் விளிம்பு வெட்டியதாக இருக்காது. பக்கத்துப் புள்ளியோடு லேசாகக் கலந்து நிற்கும். ஓவியர்களும் அதைக் கணக்கில் வைத்தே வரைந்தார்கள். அந்தத் தோற்றத்தைப் போலி செய்யும் வடிகட்டிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. பல இரவுகள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவை படத்தின் குறுக்கே கறுப்புக் கோடுகளைப் போடுகின்றன. பார்ப்பதற்குப் 'பழைய காலம்' மாதிரி இருக்கும். ஆனால் அது தொலைக்காட்சியில் இணைத்து விளையாடிய ஆட்டப் பெட்டிகளின் தோற்றம். எங்கள் கணினியில் இருந்தது விஜிஏ மோனிட்டர். அது 200 வரியையும் இரண்டிரண்டு தடவை வரைந்து 400 வரியாகக் காட்டியது. இடையில் கறுப்புக் கோடு தெரிய இடமே இல்லை. இல்லாத ஒரு பழமையைப் பலர் ஆசையாகப் பூசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் அம்மாவைக் கூப்பிட்டேன். வெளிச்சத்தைக் கூட்டினேன். மாறுபாட்டைக் குறைத்தேன். ஒவ்வொரு முறையும் அம்மா வந்து, தலையைத் திருப்பிப் பார்த்து, "பரவால்ல தம்பி, கொஞ்சம் மங்கல்தான்" என்பார். "ஸ்க்ரீன்ல என்னமோ இருக்கும்மா, நான் பாத்துக்கறேன்" என்பேன்.

தினமும் காலையில் நேயர்கள் அழைக்கிறார்கள். ஒரு 'ஹலோ'வை வைத்தே அவர் அழுதுவிட்டுப் பேசுகிறாரா, காரில் இருக்கிறாரா என்று சொல்லிவிடுவேன். கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் வீட்டில் ஒருவர் இரண்டு வாரமாக 'மங்கலா இருக்கு' என்கிறார். நான் திரையைத் திருகிக்கொண்டிருக்கிறேன்.

*

இதற்கிடையில் மருமகன் விளையாட்டில் இறங்கிவிட்டான். கட்டம் கட்டமாக இருக்கிறது என்று சொன்னவன், கைப்பேசியை மறந்து இளவரசனோடு விழுந்து எழுந்துகொண்டிருந்தான். ஆட்டத்தைச் சேமித்துச் சேமித்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டாம் நிலைக்கு வந்துவிட்டான். எனக்குப் பொறாமை. சிறு வயதில் நானும் அக்காவும் ஆறாம் நிலையின் குண்டுக் காவலனைத் தாண்டியதே இல்லை.

எட்டாம் நிலையின் கடைசியில் சிக்கினான். வெளியேறும் கதவைத் திறந்துவிட்டான். ஆனால் அதற்குப் போகும் வழியில் ஓர் இரும்புக் கதவு இறங்கிவிட்டது. இந்தப் பக்கம் அதைத் திறக்கும் பொத்தான் எதுவும் இல்லை. குதித்தான், தொங்கினான், சுவரில் மோதினான். "மாட்டிக்கிட்டேன் மாமா. முதல்லேர்ந்து போடவா?" என்று கேட்டான். "போடுடா" என்றேன்.

"நில்லு."

பின்னால் அம்மா. கையில் மடித்துக்கொண்டிருந்த துணி.

"ஒண்ணும் பண்ணாத. சும்மா நில்லு. எலி வரும்."

"எலியா பாட்டி?"

"நில்லுய்யா. வரும்."

மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இளவரசன் சும்மா நின்றான். இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன வெள்ளை எலி ஓடி வந்தது. இளவரசி அனுப்பிய எலி. ஒரு பொத்தானின் மேல் ஏறியது. கதவு உயர்ந்தது.

மருமகன் கத்திக்கொண்டே ஓடினான். நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன். அக்காவும் நானும் ஆறாம் நிலையைத் தாண்டாத வீட்டில், எட்டாம் நிலையின் எலியைப் பின்னால் நின்று பார்த்திருக்க முடியாது.

"அம்மா?"

அம்மா துணியை இன்னொரு மடிப்பு மடித்தார். "நைட் சிஃப்ட் வாரம், நீங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் தூக்கம் வராது. வெளியில வெயிலு, மேல ப்ளேன் சத்தம். ஒரு மணி நேரம் உக்காருவேன்."

"எங்களைத் திட்டிட்டு..."

"திட்டாம? நீங்க படிக்கிற பிள்ளைங்க."

"சேவ் பண்ணினதே இல்லையா? நாங்க பாத்ததே இல்லையே."

"பண்ணா கண்டுபுடிச்சிருவீங்களே."

ஒவ்வொரு முறையும் முதல் நிலையிலிருந்து, அறுபது நிமிடம். பத்தாம் நிலை வரைக்கும் போயிருக்கிறாராம். அதற்கு மேல் போகவில்லை. "சோறாக்கணும். நீங்க ஸ்கூல் விட்டு வந்துருவீங்க."

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். மருமகன் ஒன்பதாம் நிலையில் ஓடிக்கொண்டிருக்க, அம்மா திரையை நோக்கிக் குனிந்து வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். பார்த்தார். கையை எடுத்து இடது கண்ணை மூடினார். பார்த்தார். மறுபடியும் வலது. தொழிற்சாலையில் நுண்ணோக்கியில் கோளாறா, பொருளில் கோளாறா என்று சோதிக்க அப்படித்தான் செய்வாராம்.

"எந்தக் கண்ணும்மா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வலது. பால் ஊத்தின மாதிரி இருக்கு."

"எத்தனை நாளா?"

"தைப்பூசத்துக்கு முன்னாடிலேர்ந்து."

ஏறக்குறைய எட்டு மாதம். ஊசியில் நூல் கோக்கப் பேரனைக் கூப்பிட்டது, எதிரே வரும் கார் விளக்கு கூசுகிறது என்று மாலையில் கோயிலுக்குப் போவதை நிறுத்தியது, பத்திரிகையைப் பால்கனி வெளிச்சத்துக்கு எடுத்துப் போனது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீதான் ஸ்க்ரீன்ல கோளாறுன்னு சொன்னியே. அப்படியும் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். அப்படி இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார் என்பது எனக்குப் புரிந்தது.

*

கண்புரை. மருத்துவர் விளக்கை அடித்துப் பார்த்த சில நிமிடத்தில் சொல்லிவிட்டார். வலது கண்ணில் முற்றியிருந்தது, இடது கண்ணில் தொடக்கம். அம்மா கேட்ட ஒரே கேள்வி, "மைக்ராஸ்கோப் பாத்ததாலயா?" இல்லை, வயதாகும்போது கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்குவதுதான், வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் விளக்கினார். அம்மா முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தொழிற்சாலைக்குக் கொடுத்த கண் என்று இத்தனை மாதமும் மனதுக்குள் கணக்கு வைத்திருந்தார் போலும். அந்தக் கண் சம்பாதித்ததில் படித்தவன் நான். எனக்கும் அந்தப் பதில் தேவைப்பட்டது.

மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கும் அறுவைச் சிகிச்சை. கண்ணுக்கு மட்டும் மரத்துப்போக மருந்து கொடுத்து, அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். கட்டுப் பிரித்த சில நாள் கழித்து, அம்மா தானாக என் அறைக்கு வந்தார். "அவனைப் போடு" என்றார். வடிகட்டி எதுவும் இல்லாமல், ஐந்துக்கு ஆறு என்று போட்டேன்.

"சுவரு நீலமா!"

பாதாளச் சிறையின் சுவர் நீலச் சாம்பல் நிறம். முற்றிய கண்புரை மஞ்சள் கண்ணாடிபோல நீலத்தைத் தடுத்துவிடும். அதை எடுத்தவுடன் நீலம் திரும்பி வரும். 1923-இல் கண்புரை அறுவை செய்துகொண்ட ஓவியர் மோனேகூட, அதன் பிறகு தான் பார்க்கும் நிறங்கள் மாறியதைக் கண்டு தடுமாறினார். அம்மா தடுமாறவில்லை. ஒரு கண்ணை மூடி மூடி, பழைய சுவரையும் புதிய சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பழைய வட்டு உங்கள் வீட்டு டின்னிலும் இருக்கலாம். எடுத்துப் போடுவதாக இருந்தால் இரண்டு வார்த்தை. திரையை நிரப்பாதீர்கள், 4:3-இலேயே விடுங்கள். 1200 வரிக்கு மேல் உள்ள திரை என்றால் 1600-க்கு 1200 வையுங்கள். 1080 வரிதான் என்றால் நான்குக்கு ஐந்தாகப் பெருக்கி 1280-க்கு 1000 வைக்கலாம். ஆள் நூற்றுக்கு நான்கு பங்கு ஒல்லியாகத் தெரிவான், என் அம்மாவைத் தவிர யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். 4கே திரையில் புள்ளிகள் மிகச் சிறியவை, அங்கே தடிப்பு மெலிவு கண்ணுக்கே தெரியாது. இதையெல்லாம் செய்த பிறகும் வீட்டில் பெரியவர் ஒருவர் 'மங்கலா இருக்கு' என்றால், திரையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்புங்கள். ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இன்னொன்றை.

போன மாதம் இடது கண்ணும் முடிந்தது. இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா ஒரு மணி நேரம் உட்காருகிறார். கிள்ளானிலிருந்து பேரன் காணொளியில் வழி சொல்கிறான், அவனுக்கு இவர் வழி சொல்கிறார். நேற்று பதினொன்றாம் நிலையில் நேரம் தீர்ந்துபோனது. சேமிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்தார்.

"நாளைக்கு முதல்லேர்ந்து பாத்துக்கலாம். இனிமே யாரு ஸ்கூல் விட்டு வரப் போறா?"